வழியனுப்பிய பிறகு வந்த விசா

எங்கள் தோட்டத்திலிருந்து எனக்கு முன்னால் வெளிநாடு போன பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குவைத், சவூதி, ஜோர்தான் என்று போய் வீட்டு வேலை செய்து, திரும்பி வந்து கூரைத் தகரத்தை மாற்றியவர்கள். அவர்களில் ஒருவர்கூட மேடையேறி மாலை போட்டுக்கொண்டு போனதில்லை. அந்த மரியாதை எனக்கு மட்டும்தான் கிடைத்தது. மாலையைப் போட்டுக்கொண்ட பிறகும் போகாமல் இருந்தவளும் நான் ஒருத்திதான்.

இலங்கையில், கேகாலையிலிருந்து அரநாயக்கப் பக்கம் ஏறும் பாதையில் இருக்கிற இறப்பர் தோட்டத்தில்தான் எங்கள் குடும்பம் வேலை செய்கிறது. அம்மா மரத்தில் பால் வெட்டுகிறவர். நான் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர். விடிந்தும் விடியாமலும் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் ஊற்றி, பாட்டுச் சொல்லி, தூங்க வைத்து, அவர்கள் திரும்பும்வரை ஒன்றையொன்று கடிக்காமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். வார இறுதிகளில் கண்டிக்குப் போய் முன்பள்ளி டிப்ளோமாவும் முடித்திருந்தேன். அந்த வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தி அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு சின்ன ஊரில் குழந்தைகள் நிலையத்துக்கு ஆள் தேடுகிறார்கள், அவர்களே விசாவுக்குப் பொறுப்பு நிற்பார்கள் என்ற விளம்பரத்தை அவள்தான் எனக்கு அனுப்பினாள். அதில் 'ஸ்கில்ட் வொர்க்கர்' என்று இருந்தது. திறமையான தொழிலாளி. பத்து வருடமாக மூக்குச் சளி துடைத்ததைத் திறமை என்று ஒரு அரசாங்கமே சொல்கிறதென்றால் சும்மாவா? அன்று பூராவும் கண்ணாடியைப் பார்க்கும் போதெல்லாம் அந்த இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன்.

நேர்முகத் தேர்வு வீடியோவில் நடந்தது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேட்டு மலையில் இறப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்த்து உட்கார்ந்தால்தான் முகம் உறையாமல் பேசலாம். மேலே வெள்ளைச் சட்டையும் இரவல் கோட்டும், கீழே பழைய பாவாடையும் செருப்புமாகப் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. மழைக்குப் பிறகு அந்த மலையில் அட்டைகள் எப்படி இருக்கும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். உத்தியோகப் பெருமையில் அது மறந்துபோயிருந்தது.

திரையில் வந்த அம்மையார் நல்லவர், நிதானமாகப் பேசினார். ஒரே நேரத்தில் பல குழந்தைகள் அழுதால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டபோது ஓர் அட்டை என் கால் விரல் இடுக்கில் வேலையைத் தொடங்கிவிட்டது. இன்னொன்று கெண்டைக்காலில் ஏறிக்கொண்டிருந்தது. குனிந்தால் சிக்னல் போய்விடும். நான் சிரித்த முகத்தை மாற்றாமல், முதலில் நாம் அமைதியாக இருக்க வேண்டும், நம்முடைய குரலைத் தாழ்த்த வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் உணர்வையும் மதிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன். பேசி முடித்துவிட்டுக் காலைப் பார்த்தால் செருப்பெல்லாம் இரத்தம். வேலை கிடைத்தது. எனக்கிருந்த அசாத்தியமான பொறுமை அவர்களை மிகவும் கவர்ந்துவிட்டதாக அந்த அம்மையார் எழுதியிருந்தார்.

ஆங்கிலப் பரீட்சை, மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் அறிக்கை எல்லாம் முடித்து விசாவுக்கு விண்ணப்பித்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். மூன்று தடவை குவைத் போய் வந்தவர் என்பதால் தோட்டமே அவரைக் குவைத் அக்கா என்றுதான் கூப்பிடும். செய்தி கேட்டதும் வந்தார். "நல்லது புள்ள. ஆனா விசா பாஸ்போட்டுல ஒட்டுற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றார்.

"இப்பல்லாம் ஒட்டறதில்லக்கா. ஈமெயில்ல வரும்" என்றேன் நான். அதோடு நிறுத்தவில்லை. "நீங்க போனது ஹவுஸ்மெய்ட் விசா. இது ஸ்கில்ட் வொர்க்கர் விசாக்கா. இதுல அந்த மாதிரியெல்லாம் ஆகாது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. கேகாலை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பழகினேன். குழந்தைகளை மூக்கால் ஆங்கிலம் பேசி வரவேற்றேன். பாதிப் பேர் பயந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். போகப்போகிற ஊரில் இன்றைக்கு எவ்வளவு குளிர் என்று தினமும் காலையில் அம்மாவிடம் சொல்வேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே அம்மா "பாவம் அந்தச் சனங்க" என்பார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தோட்ட முகாமையாளரான பெரிய துரைக்கு இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அவருக்குப் பிரியாவிடை வைக்கத் தொழிற்சங்கத் தலைவர் ஏற்பாடு செய்தார். மேடையும் மைக்கும் எப்படியும் வருகிறது, டீச்சரையும், அதாவது என்னையும், சேர்த்து அனுப்பிவிட்டால் என்ன என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். தலைவர் என்னிடம் வந்து எப்போது பயணம் என்று கேட்டார். இன்னும் விசா வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. "ரொம்ப நாள் இல்லீங்க" என்று சொன்னது அந்த வாய்.

இப்படியாக ஒரே மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டு மாலை. துரை நல்ல மனிதர். பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக, என்னால் தோட்டத்துக்கே பெருமை என்று பேசினார். அவர் பேசியது கொஞ்சம்தான். என் கையில் மைக் வந்தபோதுதான் சனங்களுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றேன். ஆண்கள் குடியைக் குறைக்க வேண்டும் என்றேன். எங்கே போனாலும் இந்த மண்ணை மறக்க மாட்டேன் என்று சொல்லி அழுதேன். முன்வரிசையில் அம்மாவும் அழுதார். பின்வரிசையில் தேத்தண்ணீர் ஆறிப்போகிறது என்று முணுமுணுத்தார்கள். கடைசியில் கேக் வெட்டி, சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். எங்கள் லயத்துக்குப் போவது முழுக்கப் படிக்கட்டு. சக்கரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் அம்மா அதைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார்.

விடிந்ததும் எனக்கு ஒரு சிக்கல் புரிந்தது. மாலை போட்டு அனுப்பி வைத்தவள் எந்த முகத்தோடு பிள்ளைக் காம்பராவுக்குப் போவது? விசா எப்படியும் இந்த வாரம் வந்துவிடும் என்று லீவு போட்டேன். வரவில்லை. லீவை நீட்டினேன். தண்ணீருக்குப் போகும்போது தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, லயத்துக்குப் பின்பக்கக் கழிவுநீர்க் கான் வழியாகப் போவேன். அப்படியும் யாராவது கண்டுபிடித்து "இன்னும் போகலிங்களா?" என்று கேட்பார்கள். டிக்கெட் தாமதம் என்பேன். மழைக்காலம் முடிந்தது. டிக்கெட் தாமதமாகிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் பாறைக்குப் போய் போனைத் திறந்தபோது விசா அலுவலகத்திலிருந்து ஈமெயில் வந்திருந்தது. நான் சொன்ன வேலை விவரங்களைச் சரிபார்க்கத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போன் செய்தார்களாம். அப்படி ஒருவர் இப்போது இங்கே வேலை செய்யவில்லை, அவர் ஏற்கனவே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார் என்று பதில் கிடைத்ததாம். இதற்கு விளக்கம் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுமாம். நான் ஏற்கனவே அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு சுற்றிப் பார்த்தேன். இறப்பர் மரமும் பால் சிரட்டையும்தான் இருந்தன.

நேராக ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே புதிதாக ஒரு கிளாக்கர் வந்திருந்தார். பிரியாவிடை நடந்த வாரம்தான் அவரும் வேலைக்கு வந்தவர். இந்தத் தோட்டத்தில் அவர் சாப்பிட்ட முதல் பொருளே என் கேக் துண்டுதான். என்னை வாசலில் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"மிஸ், நீங்க போகலிங்களா?"

"போயிருந்தா இங்க எப்படிங்க நிப்பேன்?"

அவர் முகம் வாடிப்போனது. "இங்கிலீஷ்ல கேட்டாங்க மிஸ். நம்ம தோட்டத்துப் புள்ள ஆஸ்திரேலியாவுக்குப் போயிருச்சுன்னு சொல்லப் பெருமையா இருந்துச்சுங்க. பெருசா பார்ட்டி வச்சு அனுப்புனோம்னுகூடச் சொன்னேன்."

அவரைத் திட்டுவதற்குத்தான் போனேன். ஆனால் அவர் தன்னுடைய சொல்லாக எதையும் சொல்லவில்லை. நான் மைக்கில் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறார், அதுவும் என்னைவிட நல்ல ஆங்கிலத்தில்.

புதிய துரையிடம் போனேன். இளைஞர், சிங்களவர், மரியாதையானவர். நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்று ஒரு கடிதம் வேண்டுமென்று கேட்டேன். தான் வந்த நாளிலிருந்து என்னை ஒரு நாள்கூட வேலையில் பார்க்கவில்லையே, எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். நாளை முதல் வேலைக்கு வாருங்கள், நான் என் கண்ணால் பார்க்கிறேன், பிறகு எழுதித் தருகிறேன் என்றார்.

இலங்கையில்தான் இருக்கிறேன் என்பதற்கும் அத்தாட்சி வேண்டுமே. கிராம சேவகரின் அலுவலகத்துக்குப் போனால் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்து, "தாம கியே நெத்த?" என்றார். இன்னும் போகவில்லையா என்று சிங்களத்தில் கேட்கிறார். வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, இந்தப் பெண் இங்கேதான் வசிக்கிறாள், இன்று நேரிலும் கண்டேன் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுநாள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். எனக்கு உதவியாக இருந்த, நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்தான் இப்போது பொறுப்பாளர். பாய்களை வேறு பக்கம் விரித்திருந்தாள். என் பாட்டுகளை நிறுத்திவிட்டு வேறு பாட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "நீ உக்காரும்மா, இப்ப நீதானே டீச்சர்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். இல்லைங்கக்கா, நீங்க உக்காருங்க என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பிள்ளைகளின் கை கழுவிவிடும் வேலை தரப்பட்டது.

நான்கு வயதுப் பையன் ஒருவன் என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிட்ட வந்து, "டீச்சர், ஆஸ்திரேலியாவ மூடிட்டாங்களா?" என்று கேட்டான்.

"ஆமா. அங்க மழை" என்றேன்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அம்மா வீட்டில் இருப்பாள். அவன் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். அந்தத் தோட்டத்தில் என் விளக்கத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவன்தான்.

துரை ஓரிரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடிதம் வரவில்லை. அப்புறம்தான், ஒரு நாள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, அந்தப் பெரிய மழை வந்தது. அரநாயக்கவில் மலை சரிந்த வருடத்திலிருந்து எங்கள் பக்கம் மழை கனத்துப் பெய்தால் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. மேட்டு லயத்து ஆட்களைக் கோயிலுக்கு இறக்கும்படி சொல்லிவிட்டார்கள். தாய்மார் மூட்டை முடிச்சோடு அங்கே போக, ஓடையில் தண்ணீர் ஏறிப் பாதை அடைபட்டது. குழந்தைகள் எங்களிடம் மாட்டிக்கொண்டார்கள். நேரம் போகப் போக ஒன்று அழ ஆரம்பித்தது, அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு எல்லாம்.

பேட்டியில் சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். அமைதியாக இருந்தேன். குரலைத் தாழ்த்தினேன், தகரக் கூரையில் விழுந்த மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் உணர்வையும் மதித்தேன். அழுகை கூடியது. தங்கச்சி என்னைத் தள்ளிவிட்டுப் போய், சோற்றுத் தட்டுகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, மழையைவிடச் சத்தமாக யார் தட்டுவது என்று கேட்டாள். அப்படி ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்றுகூட அழவில்லை. நானும் இடுப்பில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மழைக்கோட்டும் பூட்ஸுமாகப் பாதை சுற்றி வந்த துரை வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியாது. அவர் ஏதோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகளை எண்ணிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி மழைக்குள் இறங்கினார். மறுநாள் கிளாக்கர் கடிதத்தைத் தானே கொண்டு வந்து தந்தார். இனி யார் போன் செய்தாலும் துரையிடம் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

விளக்கம், கடிதம், கிராம சேவகரின் தாள் எல்லாவற்றையும் அனுப்பினேன். இந்த முறை ஸ்வெட்டர் பெட்டிக்குள் கிடந்தது. கை கழுவிவிட்டுக்கொண்டே காத்திருந்தேன். தங்கச்சியின் பாட்டுகளையும் பாடமாக்கிக்கொண்டேன். மனம் ஒப்பவில்லைதான், ஆனால் பிள்ளைகள் அவற்றுக்குத்தான் ஆடினார்கள். விசா வந்தது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில். அம்மாவிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் மூச்சுக்கூட விடக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். வேலையை விடுவதற்காகத் துரையிடமும் தங்கச்சியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களும் இரகசியத்தைக் காப்பாற்றினார்கள்.

குவைத் அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சூட்கேஸை வெயிலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். விமான நிலையத்தில் பெட்டியை அடையாளம் காண என்றார்.

"இவ்வளவு பெருசு தெரியாதாக்கா?"

"அங்க வாறது எல்லாமே பெருசுதான் புள்ள."

அன்றைக்குச் சொன்ன ஹவுஸ்மெய்ட் பேச்சுக்கு ஏதாவது சொல்லலாமென்று வாயெடுத்தேன். அவர் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சீமையில் தேங்காய் கிடைக்குமா என்று கேட்டார். நான் தேங்காயைப் பற்றியே பேசினேன்.

புறப்பட்ட காலையில் நான் பயந்ததெல்லாம் வீண். மறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய என்னை நிறையப் பேர் பார்த்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. "ஒத்திகைங்களா டீச்சர்?" என்றார் ஒருவர். தலைவர் பல் துலக்கிக்கொண்டே, போய்ட்டு வாங்க, பின்னேரம் மழை வரும், குடை இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அம்மா வழக்கம் போல வெட்டுக்குப் போய்விட்டார். முதல் பிரியாவிடைக்கு ஒரு நாள் வேலையை விட்டதே போதும், அழ வேண்டியதையும் அன்றைக்கே அழுதாயிற்று, பஸ் நேரத்துக்கு வந்து பெட்டியை ஏற்றிவிடுகிறேன் என்று முந்திய நாளே சொல்லியிருந்தார். சொன்னபடி வந்தார். பால் எடுப்பதைப் பக்கத்து மலையில் வெட்டும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, பால் கறை படிந்த உடுப்போடும் வாளியோடும் ரோட்டுக்கு வந்து நின்றார்.

பஸ்ஸின் பின்வாசலில் பெட்டி ஏறவில்லை. அம்மா முதலில் ஏறி உள்ளிருந்து இழுத்தார், நான் வெளியிலிருந்து தள்ளினேன். பெட்டியும் நானும் ஒருவாறு உள்ளே விழுந்ததும் பஸ் புறப்பட்டுவிட்டது.

"அடுத்த வளைவுல எறங்கிக்கிறேன்" என்றார் அம்மா.

அடுத்த வளைவு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவர் இறங்கவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு, விரலில் காய்ந்திருந்த இறப்பர் பாலைச் சுரண்டி உருட்டிக்கொண்டே இருந்தார். புளித்த பால் வாடைக்குப் பக்கத்துச் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்தினாள். கொண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டதும், அம்மா திருத்தமான சிங்களத்தில், மகள் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாள், விசா கிடைத்துவிட்டது, அங்கே அவள் டீச்சர் என்று முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி சொன்னார். நான் அவர் கையைக் கிள்ளினேன். அவர் கண்டுகொள்ளவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திய பெண் கையை எடுத்துவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தாள். அம்மாவுக்கு ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை, ஆனால் குளிர் எவ்வளவு என்று சரியாகச் சொன்னார். கேகாலை வரும்வரை என் கதைதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிற முகத்தை யாரும் பார்க்க வேண்டாமே என்றுதான்.

கேகாலை ஸ்டாண்டில் கொழும்புப் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பெட்டியை ஏற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது, அம்மா காசுப் பையைக்கூட எடுத்து வரவில்லை. கையில் வெறும் வாளி. நான் காசை அவர் கைக்குள் திணித்தேன்.

"எப்படிம்மா திரும்பிப் போவீங்க?"

"பஸ்ஸுலதான்" என்றார் அம்மா. "நான் என்ன ஆஸ்திரேலியாவுக்கா போறேன்?"